கோத்தகிரியில் கீசர் ஏன் சீக்கிரம் ஓட்டையாகிறது?

கேள்வி: ஈரோட்டிலிருந்து கோத்தகிரிக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டுக்கு மேலே சரிவில் உள்ள ஊற்றிலிருந்து ஹோஸ் போட்டுத் தண்ணீர் எடுக்கிறோம். வந்த புதிதில் வாங்கிய 25 லிட்டர் கீசர் இப்போது அடியில் ஒழுகுகிறது. ஈரோட்டில் போர் தண்ணீரில் அதே கம்பெனி கீசர் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு, "உள்ளே வெள்ளையா படிஞ்சிருக்கு சார், உப்புத் தண்ணி, சாஃப்ட்னர் போட்டாதான் அடுத்தது தாங்கும்" என்கிறார். போடலாமா? இல்லை, எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டேங்க் உள்ளதாக வாங்கினால் போதுமா? வருடத்தில் இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவோம், அதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்: முதலில் மின்பலகையில் கீசருக்குரிய எம்.சி.பி. பிரேக்கரைக் கீழே இறக்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஒழுகும் தண்ணீர் வயர் முனைகளை நனைத்திருக்கலாம். எர்த் சரியில்லாமல், மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.யும் இல்லாத வீடு என்றால் அது உயிருக்கே ஆபத்து. புதுக் கீசர் மாட்டும்போது இந்த இரண்டையும் ஒரு எலெக்ட்ரீஷியனை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள்.

அப்புறம், எங்கிருந்து ஒழுகுகிறது என்று பாருங்கள். அடியில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் காயில் மாட்டியிருக்கும் வட்டத் தகடு, அதாவது ஃபிளாஞ்ச், தெரியும். அதன் விளிம்பிலிருந்து சொட்டினால் கேஸ்கெட் போயிருக்கிறது. அதை மாற்றினால் சரியாகிவிடும். சேஃப்டி வால்விலிருந்து சொட்டினால் அழுத்தச் சிக்கல். அதைப் பின்னால் சொல்கிறேன். ஃபிளாஞ்ச் உலர்ந்திருக்க, வெளிக்கூட்டுக்கும் உள்டேங்குக்கும் நடுவிலிருந்து துருநிறத்தில் தண்ணீர் கசிந்தால் டேங்கில் ஓட்டை. அதை வெல்டிங் வைத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். வெல்டிங் சூட்டில் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சு வெடித்து உதிர்ந்துவிடும். இன்று அடைத்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை வரும்.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. சாஃப்ட்னர், அதாவது தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும் கருவி, வேண்டாம். அது உங்கள் சிக்கலுக்குச் சம்பந்தமே இல்லாத மருந்து. மெக்கானிக்கின் மேல் தவறு சொல்ல மனம் வரவில்லை. மேட்டுப்பாளையத்துக்குக் கீழே போர் தண்ணீர் புழங்குகிற ஊரில் அவர் வேலை பழகியிருந்தால் அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் உப்பாகத்தான், அதாவது சுண்ணாம்பாகத்தான், இருந்திருக்கும். ஆனால் மலை ஏறினால் தண்ணீரின் குணமே மாறிவிடுகிறது. இங்கே கீசர் சாவது துருவால், உப்பால் இல்லை.

உங்கள் தண்ணீர் எப்படிப்பட்டது என்று ஏற்கெனவே உங்கள் கைக்குத் தெரியும். ஈரோட்டில் சோப்பு நுரைக்காது. கோத்தகிரியில் நுரைத்த சோப்பு எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுவென்று ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுதான் சுண்ணாம்புச் சத்தே இல்லாத தண்ணீரின் அடையாளம். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். சுண்ணாம்புக்கல் போலத் தண்ணீரில் எளிதில் கரைந்து கால்சியம் கொடுக்கிற பாறை இல்லை அது. மேலே பெய்கிற மழை சோலை மண்ணிலும் தேயிலைத் தோட்ட மண்ணிலும் இறங்கி, சில வாரமோ சில மாதமோ கழித்து ஊற்றாக வெளியே வருகிறது. கரைந்து சேர்கிற தாது ரொம்பக் கொஞ்சம். தண்ணீரில் கரைந்த தாதுவை அளக்கும் ஒரு டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தால் நூறைத் தொடாத ஊற்றுகள் இந்த மலையில் நிறைய. கடினத்தன்மைக்கு, அதாவது தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்துக்கு, குடிநீர்த் தரநிலை ஐ.எஸ். 10500 ஏற்கத்தக்கதாக வைத்திருக்கும் எல்லை லிட்டருக்கு 200 மில்லிகிராம். மலை ஊற்றுத் தண்ணீர் அதில் கால்வாசியைக்கூட எட்டுவது அரிது. இதற்குப் போய் சாஃப்ட்னர் போட்டால், இருக்கிற சொற்பக் கால்சியத்தையும் எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கும். துருவுக்கு எதிராக இருந்த சின்னத் துணையும் போய்விடும்.

சரி, அப்படியானால் உள்ளே படிந்திருந்த வெள்ளை எது? அது பெரும்பாலும் உங்கள் கீசரின் ஆனோட் ராடு, அதாவது டேங்கைத் துருவிலிருந்து காக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியக் கம்பி, கரைந்து போன மிச்சம். மெக்னீசியம் தண்ணீரில் கரைந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு ஆகும். வெள்ளையாக, சேறு போல மெதுவாக, டேங்கின் அடியில் தங்கும். உப்புப் படிவு வேறு மாதிரி இருக்கும். அது காயிலைச் சுற்றி ஓடு போல இறுகிப் பிடித்திருக்கும், ஸ்குரூ டிரைவரால் தட்டினால்தான் பெயரும். வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். அந்த வெள்ளையைக் கொஞ்சம் எடுத்து ஒரு தட்டில் வைத்து வினிகர் விடுங்கள். சுண்ணாம்புப் படிவு என்றால் சுறுசுறுவெனப் பொங்கி நுரைக்கும். மெக்னீசியம் சேறு அநேகமாக நுரையில்லாமல் மெல்லக் கரையும். ஆக, மெக்கானிக் பார்த்தது நோயை இல்லை. டேங்கைக் காப்பாற்ற வைத்திருந்த பொருள் தன் வேலையைச் செய்து தீர்ந்துபோன தடயத்தை. அது தீர்ந்த அன்றே புது ராடு போட்டிருந்தால் கீசர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ராடைப் பற்றி விற்கிற கடையில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணக் கீசரின் டேங்க் இரும்புத் தகடு. உள்ளே எனாமல், அதாவது 850 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட்டுப் பிடிக்கவைத்த கண்ணாடிப் பூச்சு. 'கிளாஸ் லைன்ட்' என்று விளம்பரத்தில் வருவது இதுதான். பூச்சு நல்லதுதான். ஆனால் வெல்டிங் ஓரத்திலும் பைப் வாயிலும் ஃபிளாஞ்ச் விளிம்பிலும் ஊசிமுனை அளவு இடைவெளிகள் இருந்தே தீரும். எந்தக் கம்பெனியாலும் அதை முழுக்கத் தவிர்க்க முடியாது. அந்த இடைவெளிகளில் இரும்பு நேராகத் தண்ணீரைத் தொடுகிறது. அங்கே துரு பிடிக்காமல் இருக்கத்தான் ராடு. இரும்பைவிட எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கிற உலோகத்தை இரும்போடு சேர்த்துத் தண்ணீரில் வைத்தால், அரிப்பு முழுவதும் அந்த உலோகத்தின் மேலேயே விழும். நியம மின்னழுத்தம் என்ற அளவு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதில் உலோகம் எலெக்ட்ரானை விடும். இரும்பினுடையது -0.44 வோல்ட். மெக்னீசியத்தினுடையது -2.37. இந்த இடைவெளிதான் காவல். 1824-ல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகடுகளைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் பொருத்திக் காட்டிய அதே வித்தை. செப்பு அரிக்காமல் நின்றது. ஆனால் கரைகிற செப்புதான் சிப்பிகளையும் பாசியையும் அண்டவிடாமல் வைத்திருந்தது என்பதால், கப்பலின் அடியில் அவை மண்டி வேகம் குறைந்துபோனது. உங்கள் குளியலறையில் அந்தத் தொல்லை இல்லை.

ராடு எவ்வளவு நாள் வரும்? ஒரு கிலோ மெக்னீசியம் நடைமுறையில் ஏறத்தாழ 1,100 ஆம்பியர்-மணி கொடுக்கும். கணக்குப்படி வர வேண்டியதில் பாதிதான் அது. மீதிப் பாதி தானாகக் கரைந்து வீணாகும். 200 கிராம் ராடு என்று வைத்துக்கொண்டால் 220 ஆம்பியர்-மணி. டேங்கைக் காக்க 10 மில்லியாம்பியர் ஓடினால் 22,000 மணிநேரம், அதாவது இரண்டரை வருடம். அமிலத்தன்மை கூடிய தண்ணீரில் வீண் கரைசல் இன்னும் கூடும். இப்போது உங்கள் நான்கு வருடத்தைப் பாருங்கள். ராடு பாதி வழியிலேயே முடிந்து, அப்புறம் இரும்பு தனியாக நின்றிருக்கிறது.

மலைத் தண்ணீர் இரும்பை ஏன் இப்படித் தின்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடினமான தண்ணீர் சூடாகும்போது டேங்கின் சுவரில் மெல்லிய சுண்ணாம்புப் படலம் போர்த்திவிடும். ஈரோட்டில் காயிலைக் கெடுக்கிற அதே சுண்ணாம்பு, டேங்கின் சுவரைக் காத்தது. இங்கே அந்தப் போர்வை இல்லை. அதோடு மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் விடுகிற கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு ஊற்றுத் தண்ணீர் வருகிறது. அதைச் சமன்செய்யக் காரத்தன்மை தண்ணீரில் இல்லை. பி.எச். 7-க்குக் கீழே, அதாவது அமிலப் பக்கம், நிற்கிறது. காற்றைத் தொட்ட வெறும் மழைத்தண்ணீரே 5.6 தான். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பதையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் ஈடுகட்டிப் போகிறது. என் கணிப்பில் முதல் குற்றவாளி சுண்ணாம்பு இல்லாமை, இரண்டாவது கார்பன் டை ஆக்சைடு.

எனவே புதுக் கீசர் மாட்டியதும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் முடிந்ததும் திறந்து ராடைப் பார்க்க வேண்டும். அதன் தேய்மானத்தைப் பார்த்து அடுத்த தவணையை முடிவு செய்யலாம். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி அங்கங்கே தெரிய ஆரம்பித்தாலோ, தடிமன் பாதிக்கு வந்தாலோ மாற்றிவிடுங்கள். ராடு சில நூறு ரூபாய்தான். ஊட்டியிலோ குன்னூரிலோ எலெக்ட்ரிகல் உதிரிபாகக் கடையில் 'மெக்னீசியம் ராடு' என்று கேட்டால் தருவார்கள். பழையதைக் கையோடு எடுத்துப் போனால் மரை அளவும் நீளமும் தப்பாது. நீளமாக மாட்ட இடம் இருந்தால் நீளமானதையே வாங்குங்கள். தாது குறைந்த தண்ணீரில் மின்சாரம் தூரம் போகாது, அதனால் குட்டை ராடால் டேங்கின் மறுமுனையைக் காக்க முடியாது.

திறக்கும் முறை. எம்.சி.பி.யை இறக்கி, தண்ணீர் ஆற விடுங்கள். இன்லெட் வால்வை மூடுங்கள். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் டேங்க் காலியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உள்ளே சுடுதண்ணீர்ப் பைப் டேங்கின் உச்சிவரை போகிறது, குழாய் வழியாகத் தண்ணீர் இறங்காது. சுடுதண்ணீர்க் குழாயைக் காற்று போகத் திறந்து வைத்துவிட்டு, கீழே இன்லெட் பக்க இணைப்பைக் கழற்றினால் அந்த வழியாக முழுத் தண்ணீரும் வடியும். பிறகு வயர்கள் எங்கெங்கே இருந்தன என்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, ஃபிளாஞ்ச் போல்ட்களைக் கழற்றுங்கள். காயிலும் ராடும் சேர்ந்தே வெளியே வரும். அடியில் உள்ள சேற்றைக் கழுவி எடுங்கள். மூடும்போது பழைய கேஸ்கெட்டைத் திரும்பப் போடாதீர்கள், புதிது போடுங்கள். போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். டேங்க் நிரம்பிக் குழாயில் தண்ணீர் சீராக விழும்வரை மின்சாரம் கொடுக்கவே கூடாது, காலி டேங்கில் காயில் எரிந்துவிடும். மின்சார வேலை பழக்கமில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நீங்கள் பக்கத்தில் நின்று ராடை மட்டும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஒரு வருடம் கழித்துத் திறந்தால் ராடு புதிது போல அப்படியே இருக்கிறது என்றால் நிம்மதி அடையாதீர்கள். அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ராடின் மரையில் துரு ஏறியோ, இடையில் ரப்பர் வாஷர் போட்டதாலோ, டேங்கோடு உலோகத் தொடர்பு அறுந்திருக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையை ராடிலும் மறுமுனையை டேங்கின் இரும்பிலும் வைத்துப் பாருங்கள். ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மரையைச் சுரண்டிச் சுத்தம் செய்து மாட்டுங்கள்.

அலுமினியம் ராடு நீண்ட நாள் வரும் என்று கடையில் தருவார்கள். கடினமான, உப்புள்ள தண்ணீருக்கு அது சரி. மலைத் தண்ணீருக்கு வேண்டாம். அலுமினியம் தன்மேல் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும், அதை உடைக்கிற குளோரைடு நம் தண்ணீரில் இல்லை, ராடு சும்மா தொங்கும். மின்சாரத்தில் இயங்குகிற டைட்டானியம் ஆனோட் தேயாது, நல்ல பொருள். ஆனால் மின்சாரம் இல்லாத நேரத்தில் காவலும் இல்லை. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து நாள்கணக்கில் கரண்ட் போகிற பகுதி என்றால் நான் மெக்னீசியத்தையே சொல்வேன்.

ராடு நோயாளிக்குத் துணை. தண்ணீரையே திருத்தினால் இன்னும் நல்லது. ஒரு பி.எச். தாளோ மீட்டரோ வாங்கி ஊற்றுவாயிலேயே பாருங்கள். துல்லியமாக வேண்டும் என்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்து பி.எச்., காரத்தன்மை, கடினத்தன்மை, குளோரைடு நான்கையும் கேளுங்கள். பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால், ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற முதல் தொட்டியில் சுண்ணாம்புக்கல் சில்லு அல்லது வெள்ளை மார்பிள் சில்லுப் படுகை ஒன்று வைத்து, தண்ணீர் அதன் ஊடாக மேலேறி வரும்படி செய்யுங்கள். கார்பன் டை ஆக்சைடு அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தானும் தீர்ந்துவிடும். பி.எச். ஏறும், கொஞ்சம் கால்சியமும் காரத்தன்மையும் சேரும். ராடுக்கு வேலை குறையும், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்கும் பித்தளைக் குழாய்களுக்கும் சேர்த்தே நன்மை. சில்லு நிறம் ஏற்றாததாகவும் பாலிஷ் போடாததாகவும் இருக்க வேண்டும். மாட்டும் முன் நன்றாகக் கழுவுங்கள். கரையக் கரைய மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும். சிலர் சுலபமாக இருக்கிறது என்று நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். கல் தன் அளவோடு நின்றுவிடும், நீற்றிய சுண்ணாம்பு நிற்காது. அளவு தவறினால் தண்ணீர் தோலையும் கண்ணையும் எரிக்கிற காரமாகிவிடும்.

மலைவீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கல் அழுத்தம். ஊற்று வீட்டைவிட எத்தனை மீட்டர் மேலே இருக்கிறது? பத்து மீட்டருக்கு ஒரு பார் அழுத்தம். அறுபது மீட்டர் மேலிருந்து கருப்பு ஹோஸில் வருகிற தண்ணீரை நேராகக் கீசருக்குக் கொடுத்தால் ராத்திரி குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது டேங்கில் ஆறு பார் நிற்கும். நிறையக் கீசர்களின் பலகையில் 8 பார் என்று போட்டிருக்கும், தாங்கும்தான். ஆனால் சூடாகும்போது தண்ணீர் விரிகிறது. 12 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் 25 லிட்டரில் ஏறத்தாழ 400 மில்லி கூடுகிறது. அது திரும்பிப் போக வழியில்லாமல் நான்-ரிட்டர்ன் வால்வு தடுத்தால் சேஃப்டி வால்வு திறந்து சொட்டும். சூடாகும்போது மட்டும் சொட்டுவது வால்வு தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு அடையாளம், அதை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். எப்போதும் சொட்டினால் வரும் அழுத்தமே அதிகம். தினமும் இப்படி ஏறி இறங்கும் அழுத்தத்தில் இரும்புத் தகடு விம்மித் தணியும். கண்ணாடிப் பூச்சு அந்த அளவுக்கு வளையாது, மயிரிழை விரிசல் விடும், துருவுக்குப் புது வாசல் திறக்கும். தீர்வு எளிது: ஊற்றுத் தண்ணீரை வீட்டுக் கூரைமேல் ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் விழவிட்டு, அங்கிருந்து கீசருக்கு எடுங்கள். மழைக்காலத்தில் வருகிற மண்ணும் இலைத்தூளும் அந்தத் தொட்டியிலேயே அடங்கிவிடும் என்பது கூடுதல் லாபம், ஏனென்றால் டேங்கின் அடியில் மண் படிந்தால் அதன் கீழேயும் அரிக்கும்.

பைப் விஷயம் சுருக்கமாக. கீசருக்கு முன்னால் செப்புப் பைப் வேண்டாம். அமிலத் தண்ணீர் செப்பைக் கரைத்துக்கொண்டு வந்து டேங்கின் இரும்பில் படியவைக்கும், படிந்த இடத்தில் குழிக்குழியாக ஓட்டை விழும். குன்னூர்ப் பக்கம் பழைய பங்களாக்களில் வாஷ்பேசினில் நீலப்பச்சைக் கறை பார்த்திருப்பீர்கள், அது இதே செப்புதான். விறகு போட்டுக் காய்ச்சுகிற செப்பு பாய்லரில் முதலில் சூடாக்கி, அந்தத் தண்ணீரைக் கீசருக்குள் விடுகிற ஏற்பாட்டையும் அதனால்தான் வேண்டாம் என்கிறேன். தனித்தனியாகப் புழங்குங்கள். ஜி.ஐ.யையும் பித்தளையையும் நேராகச் சேர்க்காமல் நடுவில் சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் துண்டு ஒன்று கொடுங்கள்.

சூட்டைப் பொறுத்தவரை, தெர்மோஸ்டாட்டை 60-ல் வையுங்கள். குளிருக்குப் பயந்து கடைசிவரை திருகி வைத்துவிட்டு நாள் முழுக்க ஓடவிடுவது மலையில் பலர் வீட்டுப் பழக்கம். சூடு கூடக்கூட அரிப்பும் கூடும், எனாமலும் வேகமாகக் கரையும். அதே சமயம் மிச்சம் பிடிப்பதாக 45-க்குக் கீழே இறக்கிவிடவும் கூடாது, வெதுவெதுப்பில் லீஜியோனெல்லா போன்ற கிருமி வளரும். ஈரோட்டைவிட இங்கே சூடாக நேரம் பிடிக்கும் என்பது இயல்பு: 2 கிலோவாட் காயிலில் 27 டிகிரித் தண்ணீர் 25 லிட்டர் 60-ஐத் தொட அரைமணிக்கும் குறைவு போதும், 12 டிகிரித் தண்ணீருக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் கீசர் பழுது என்று எண்ணித் தெர்மோஸ்டாட்டைத் திருக வேண்டாம்.

எஸ்.எஸ். டேங்க் பற்றிக் கேட்டீர்கள். 304 வகை எஸ்.எஸ்.ஸின் எதிரி குளோரைடு. போர் தண்ணீரில் குளோரைடு அதிகம் உள்ள சமவெளியில் அது வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும், அங்கே நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். நம் மலையில் குளோரைடு மிகக் குறைவு என்பதால் எஸ்.எஸ். நன்றாகவே நிற்கும். ஆய்வக அறிக்கையில் குளோரைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே என்றால், பட்ஜெட் இடம் கொடுத்தால், வாங்குங்கள். ஆனால் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கை அளவில் போடுகிற பழக்கம் இருந்தால் அதைக் கட்டுப்படுத்துங்கள். எனாமல் டேங்கே போதும் என்று நினைத்தால் அதிலும் தவறில்லை, ராடை ஒழுங்காக மாற்றுகிற வீட்டில் அது நீண்ட காலம் உழைக்கும். எதை வாங்கினாலும் ஐ.எஸ். 2082 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, உத்தரவாதச் சீட்டில் டேங்குக்கு எத்தனை வருடம், ராடு மாற்றியதற்கு ரசீது கேட்பார்களா என்பதைக் கடையிலேயே நின்று படியுங்கள்.

கடைசியாக, பூட்டிப் போகிற இரண்டு மாதம். டேங்கைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள். ஈரமான இரும்பும் காற்றும் சேர்ந்தால் துருவுக்கு அதைவிட வசதி வேறில்லை, தண்ணீர் இல்லாமல் ராடும் வேலை செய்யாது. நிறைத்து வைத்து, எம்.சி.பி.யை இறக்கி, இன்லெட்டை மூடிவிட்டுப் போங்கள். ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தா போல உறைபனி விழுகிற இடத்தில் வீடு என்றால் கூரைமேல் ஓடுகிற பைப்பை மட்டும் வடித்துவிடுங்கள். திரும்பி வரும்போது ஒரு விஷயத்தில் கவனம்: மெக்னீசியம் கரையும்போது ஹைட்ரஜன் வாயு வருகிறது, ஆளில்லாத வீட்டில் அது டேங்கின் உச்சியில் சேர்ந்து நிற்கும். ஜன்னலைத் திறந்து, பக்கத்தில் அடுப்போ சிகரெட்டோ விளக்கோ எரியாமல் பார்த்துக்கொண்டு, இன்லெட்டைத் திறந்துவிட்டுச் சுடுதண்ணீர்க் குழாயை மெதுவாகத் திறங்கள். புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு தண்ணீர் சீராக விழும். அதுவரை பொறுத்திருந்து, பழைய தண்ணீர் முழுக்க வெளியேறிய பிறகு கீசரைப் போடுங்கள். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், சல்ஃபேட்டைத் தின்கிற பாக்டீரியாக்களின் வேலை அது. 60 டிகிரிக்கு மேல் ஏற்றி ஓரிரு மணிநேரம் வைத்திருந்து, வெந்நீர் மேலே படாமல் குழாய்கள் வழியாக ஓடவிட்டால் அடங்கும். நாற்றத்துக்கு ராடுதான் காரணம் என்று யாராவது அதைக் கழற்றிப் போடச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.